செவ்வரளி துப்பாக்கிக்கு, வெள்ளரளி தோட்டாவுக்கு

1

வைகாசி விசாகத்தன்றுதான் நாங்கள் மூன்று பேரும் இந்த நாட்டில் வந்து இறங்கினோம். இந்த விசாகத்தோடு ஏழு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து வருகிற கடிதங்களில் தவறாமல் ஒரு கேள்வி இருக்கும்: "அங்கே புதிதாக என்ன வாங்கினீர்கள்?" கார் வாங்கியதை எழுதினேன். துணி துவைக்கிற மெஷின் வாங்கியதை எழுதினேன். என் கையாலேயே ஒரு துப்பாக்கி செய்து வைத்திருக்கிறேன் என்பதை மட்டும் யாருக்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் அக்கா மருதமலைக்கு நேர்ந்துகொண்டு மொட்டையே போட்டிருப்பாள்.

இப்போது எழுதுகிறேன். அடுத்து இன்னொரு துப்பாக்கி செய்வதா, இல்லை தோட்டாவை வீட்டிலேயே நிரப்பக் கற்றுக்கொள்வதா என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. அது போய் முடிந்த இடம் வேறு.

பயப்படாமல் படிக்க முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் துப்பாக்கி இதுவரை காகிதத்தைத் தவிர எதையும் சுட்டதில்லை. எந்த உயிரையும் தொட மாட்டேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் அதன் முதல் திருகை முடுக்கினேன். சுடப் போகிற நாளிலும் திருநீறு பூசாமல் வீட்டுப் படி இறங்கியதில்லை.

என் படிப்பு பத்தாவதோடு சரி. அதற்கப்புறம் கோயமுத்தூரில் கணபதி பக்கம் லேத் பட்டறையில், பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட் கடைவதில்தான் என் காலம் போனது. என் மனைவி சரஸ்வதியின் அண்ணன் இஞ்சினியர். நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கிறார். அவர்தான் தங்கைக்கு எழுதிப்போட்டு எங்களை வரவழைத்தார். எனக்கு லேத் வேலை கிடைத்தது டெக்ஸாஸில், ரவுண்ட் ராக் பக்கம். எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களுக்கு மூட்டு செய்கிற பட்டறை அது.

லேத்தில் நிற்கிறவன் கண்ணை நம்பக் கூடாது. அளவுக் கருவியைத்தான் நம்ப வேண்டும். அதையும் காலையில் ஒருமுறை சோதித்த பிறகுதான் நம்ப வேண்டும். இந்தப் பழக்கம் எனக்குப் பட்டறையோடு நிற்காமல் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. கடையில் இருபது பவுண்டு என்று வாங்கிய அரிசிப் பையை வீட்டுத் தராசில் ஏற்றிப் பார்க்கிற ஆள் நான். "உங்களைப் பெத்தவங்க உங்களுக்குச் சந்தேகப்பாலுதான் குடுத்தாங்களாட்ட இருக்குது" என்பாள் சரசு.

2

டேல் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். அதே பட்டறையில் என் பக்கத்து லேத். அறுபதை நெருங்கிய மனிதர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். ஒரு சனிக்கிழமை, துப்பாக்கி சுடுகிற மைதானத்துக்கு வருகிறாயா என்று கூப்பிட்டார். எதற்குக் கூப்பிடுகிறார் என்று புரியாமல்தான் போனேன். நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு காகிதம். மூன்று முறை சுட்டார். காகிதத்தைக் கொண்டுவந்தபோது மூன்று ஓட்டையும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. நான் பையிலிருந்து வெர்னியரை எடுத்து அளந்தேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவன் குறி தப்பினான். அன்றைக்கே எனக்குப் பித்து பிடித்துவிட்டது. இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு அளவாக ஒரு சாமான் வேலை செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை.

பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்றின் உடல் பகுதியை மட்டும் வாங்கி, அதற்குப் புதுக் குழல் கடைந்து பொருத்தி, அரைகுறையாகச் செதுக்கி விற்கிற வால்நட் மரப் பிடிக் கட்டையை வாங்கி இழைத்து, ஒரு குளிர்காலம் முழுக்க டேலும் நானும் உட்கார்ந்து என் முதல் துப்பாக்கியைச் செய்தோம்.

அந்த உடல் பகுதியை வாங்கப் போனது ஒரு பெரிய கதை. நம் ஊரில் துப்பாக்கி என்றால் தாலுகா ஆபீஸ், கலெக்டர் கையெழுத்து, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது என்று அதற்குப் பின்னால் ஓர் அரசாங்கமே நிற்கும். இங்கே தூண்டில் கம்புகளுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்து விற்கிறார்கள். ஆனால் ஒரு மஞ்சள் படிவம் கொடுப்பார்கள். நீ சட்டத்துக்குத் தப்பி ஓடுகிறவனா? கஞ்சா பழக்கம் உண்டா? புத்தி சரியில்லாதவன் என்று எந்தக் கோர்ட்டாவது சொல்லியிருக்கிறதா? தப்பி ஓடுகிறவன் இதில் "ஆமாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவானா என்று எனக்கு ஒரே சந்தேகம். கடைக்காரருக்கு என் மேல் அதைவிடச் சந்தேகம். கிரீன் கார்டில் என் பெயர் ஒரு வரிசை, டிரைவர் லைசென்ஸில் வேறு வரிசை. இனிஷியல் என்றால் என்ன என்று இந்த நாட்டில் எந்த ஆபீஸிலும் புரியவைக்க முடியவில்லை. கடைசியில் "ஓக்கே, மிஸ்டர் நாச்சிமுத்து" என்று சாமானைத் தள்ளினார். அது என் அப்பாவின் பெயர். ஊரில் அவரை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. இங்கே துப்பாக்கிக் கடையில் கூப்பிட்டார்கள்.

ஆனால் நான் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்ததன் காரணம் வேறு. என் மகள் தேன்மொழிக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் மோலி. வீட்டில் நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். "ஃபைன்." "ஓக்கே." "லேட்டர், அப்பா." அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமை என்னோடு மைதானத்துக்கு வந்தால் மட்டும் வாய் திறந்து தமிழ் பேசுவாள். பக்கத்தில் இருக்கிறவர்களைக் கேலி செய்ய அவளுக்குத் தமிழ் வேண்டும்.

"அப்பா, அந்தத் தொப்பிக்காரரைப் பாருங்க. அவரு துப்பாக்கிய விட தொப்பை முன்னாடி நிக்குது."

"மெதுவாப் பேசு கண்ணு. கேட்டுக்கப் போறாரு."

"கேட்டா என்ன? அவரென்ன பொள்ளாச்சியா?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறி பார்ப்பேன். அந்த இரண்டு மணி நேரத்தில் பள்ளிக்கூடத்துச் சமாசாரம், சிநேகிதிகள் சமாசாரம் எல்லாம் வரும். வாரம் முழுக்க வீட்டில் கேட்டு வாங்க முடியாததை அங்கே கேட்காமலே கொடுப்பாள். எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் வேண்டும். அவை நின்றுவிடக் கூடாது. துப்பாக்கி, தோட்டா என்று நான் போட்ட கணக்கெல்லாம் அதற்காகத்தான்.

3

என் துப்பாக்கி அவளுக்கு நீளம், கனம். ஒரு பெட்டி தோட்டா சுட்டால் தோள் கன்றிப்போகும். அவள் கைக்கு அளவாகக் கட்டையைக் குறைத்து, குழலைச் சன்னமாக்கி, உதைக்காத சிறிய தோட்டாவுக்கு ஒன்று செய்தால் என்ன என்று நினைத்தேன். மனசுக்குள்ளேயே படம் போட்டு முடித்துவிட்டேன்.

தோட்டா கடையில் விற்கிற விலைக்கு மாதம் ஒருமுறைதான் போக முடிகிறது என்பது இன்னொரு பக்கம். சுட்ட பிறகு பித்தளைக் கூடு அப்படியே மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, அடியில் பொறி தட்டுகிற புது பிரைமர் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, முனையில் குண்டை அழுத்தினால் மறுபடியும் தோட்டா. இதற்குக் கையால் இழுக்கிற, பிரஸ் என்று சொல்கிற ஒரு சிறிய அழுத்து மெஷின் போதும். வாரா வாரம் போகலாம். அவளுக்கு மட்டும் உதை குறைவாகவும் நிரப்பிக்கொள்ளலாம்.

இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய நேரமும் இல்லை, வசதியும் இல்லை. டேலிடம் கேட்டேன். அவர் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"தோட்டா நிரப்பக் கத்துக்கோ, வேலு. எதையுமே நம்பாத ஆளுக்குன்னு செஞ்ச வேலை அது. ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் அளக்கணும். என்கிட்ட பழைய பிரஸ் ஒண்ணு சும்மா கிடக்குது. எடுத்துக்கோ."

"என்ன விலை?"

"விலையெல்லாம் இல்ல. சும்மாதான். சனிக்கிழமை சனிக்கிழமை இங்க வா. நானே சொல்லித் தர்றேன்."

சும்மா! ஏழு வருஷத்தில் இந்த நாட்டில் எனக்குச் சும்மா கிடைத்தது தபால் பெட்டியில் விழுகிற விளம்பரக் காகிதம்தான். அதிலும் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கும். பட்டறையில் வேலை குறைந்து, வாரத்துக்கு நாலு நாள் ஆக்கியிருந்த சமயம் அது. ஆட்களைக் குறைக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. என்னைப் பற்றி ஃபோர்மேனிடம் எதையாவது சொல்லிவிட்டு, மனசு உறுத்தி இதைத் தருகிறாரா? இல்லை, தன் கேரேஜில் மருந்து வைத்திருக்கப் பயந்து என் தலையில் கட்டுகிறாரா?

வீட்டுக்கு வந்து சரசுவிடம் சொன்னேன். முதல் துப்பாக்கிக்கு மூன்று நாள் பேசாமல் இருந்தவள் அவள். "சிட்டிசன்ஷிப்புக்கு எழுதிப்போடற நேரத்துல இதெல்லாம் எதுக்குன்னு அண்ணன் கேக்கறாங்க" என்று ஒரு மாதம் ஓதியவள். வீட்டுக்குள் வெடிமருந்து என்றதும் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள் என்று பார்த்தேன்.

"அதையே பழகிக்குங்களேன். நல்ல மனுசன். பக்கத்துலயே இருக்காரு" என்றாள்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் என் பேச்சுக்கு அவள் உடனே தலையாட்டியது அது இரண்டாவது முறை. முதல் முறை மணவறையில்.

அதோடு வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டன. நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் சரசு போனில் அண்ணனிடம், "சரிங்கண்ணா, அப்புறம் பேசறனுங்க" என்று வைத்துவிடுவாள். தபால் வந்ததும் முதலில் ஓடுவது தேன்மொழி. தடிமனான கவர் ஒன்று அவள் பள்ளிப் பைக்குள் போனதை நானே பார்த்தேன். "என்ன கண்ணு அது?" என்றேன். "ஸ்கூல் ஸ்டஃப், அப்பா." கடைசி இரண்டு தடவை நான் மைதானத்துக்குப் போனபோது அவள் வரவும் இல்லை. லைப்ரரி என்றாள்.

பையன் யாராவது இருப்பானோ என்று சந்தேகப்பட்டேன். மச்சான் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாரோ என்று சந்தேகப்பட்டேன். ஒரு நாள் லைப்ரரி வாசலில் காரை நிறுத்திக் கண்ணாடி வழியாக எட்டிக்கூடப் பார்த்தேன். அவள் அங்கேதான் உட்கார்ந்து ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். சந்தேகம் தீரவில்லை. பெரிதானது.

4

எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் இப்படியா அப்படியா என்று இழுத்தால் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்போம். ஒரு காகிதத்தில் சிவப்புப் பூ, ஒரு காகிதத்தில் வெள்ளைப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து சாமி காலடியில் போட்டு, கன்னிப் பெண்ணையோ குழந்தையையோ எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்ததுதான் வாக்கு. மற்றதைப் பிரிக்கிற வழக்கம் இல்லை. சாமி சொன்ன பிறகு சரி பார்ப்பது மரியாதை ஆகாது. எனக்கும் சரசுக்கும் கல்யாணம் முடிவானதே பூக்கட்டிப் பார்த்துத்தான். என் மாமனார் அவர்கள் ஊர் மாகாளியம்மன் கோயிலில் கேட்டார். சம்மதத்துக்கு வைத்த வெள்ளை வந்தது.

இங்கே கோயில் என்றால் ஹூஸ்டன் பக்கம் மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும். எங்கள் வீட்டில் துண்டு, போர்வை அடுக்குகிற சுவர் அலமாரிதான் சாமி அறை. நடுத்தட்டில் வேலோடு முருகன். பூவுக்கு மட்டும் இந்த ஊரில் பஞ்சமில்லை. அரளி இங்கே வேலிக்கு வேலி பூக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு அது கார் நிறுத்துகிற இடத்து ஓரத்துச் செடி. நமக்கு முருகனின் பூ.

சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், செவ்வரளி வந்தால் துப்பாக்கி, வெள்ளரளி வந்தால் தோட்டா என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சரசு மடித்துக் கொண்டுவந்து வைத்தாள். தேன்மொழி எடுத்தாள். பிரித்தேன். வெள்ளரளி.

"ஸோ, ரீலோடிங்" என்றாள் தேன்மொழி. அவள் முகத்தில் ஒரு நிம்மதி. தனக்கென்று ஒரு துப்பாக்கி இல்லை என்றதற்கு எந்தப் பெண் நிம்மதிப்படுவாள்? அது எனக்கு இடித்தது. ஆனால் சாமி வாக்கை எப்படிச் சந்தேகப்படுவது? மற்ற பொட்டலத்தை முருகன் வேலுக்குப் பின்னாலேயே வைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து சரசு ஒரு பொழுது இருக்க ஆரம்பித்தாள். இரவில் மட்டும் சாப்பாடு. "எதுக்கு விரதம்?" என்றேன். "சும்மாதானுங்க" என்றாள்.

மறுபடியும் சும்மா.

5

டேல் சொன்னார்: "உன் பழைய கூடுகளைச் சுத்தம் பண்ணி எடுத்துட்டு வா. அதுல ஆரம்பிப்போம்."

என்னிடம் நாற்பது கூடு சேர்ந்திருந்தது. புகை ஏறிக் கறுத்துக் கிடந்தன. எதனால் சுத்தம் செய்வது என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. பித்தளைக்கு என்ன போடுவது என்று நம் ஜனங்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? நியூ ஜெர்சியில் ஐசலின் என்ற ஊரின் இந்தியக் கடையில் வாங்கி மச்சான் பார்சலில் அனுப்பிய புளி இருந்தது. கைப்பிடி எடுத்து, உப்புப் போட்டு, கூடுகளை ஒரு வாளியில் ஊற வைத்தேன். வியாழக்கிழமை காலையில் ஊற வைத்தவன் வெள்ளிக்கிழமை வேறு அலைச்சலில் மறந்தே போனேன். சனிக்கிழமை காலையில் எடுத்துக் கழுவினால், அப்பா! கார்த்திகைக்குத் தேய்த்த குத்துவிளக்கு கெட்டது போங்கள். பளபளப்பிலேயே ஒரு ரோஜா நிறம்கூட வந்திருந்தது. தனி அழகு என்று நினைத்துக்கொண்டேன்.

டேலின் கேரேஜ் மேசையில் நாற்பதையும் வரிசையாக நிறுத்தினேன். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். முகம் மாறியது. குறடை எடுத்து, முதல் கூட்டின் கழுத்தை நசுக்கினார். அது மடங்கவில்லை. பொரி மாதிரி விரிசல் விட்டது. அடுத்ததை நசுக்கினார். அதற்கடுத்ததை.

"என்ன பண்றீங்க? நிறுத்துங்க!" என்று நான் பாய்ந்தேன். எட்டாவதை நசுக்குவதற்குள் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுல ஊற வெச்சே இதை?"

புளிக்கு இங்கிலீஷில் என்ன என்று அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. புளிப்பான ஒரு பழம் என்றேன். எத்தனை நேரம் என்றார். இரண்டு நாள் என்றேன்.

"புளிப்பு பித்தளையில இருக்கிற துத்தநாகத்தைத் தின்னுருச்சு. செம்பு மட்டும் நிக்குது. அதான் இந்தச் சிவப்பு. இதுல மருந்தை அடைச்சுச் சுட்டா, இது எங்க வெடிக்கும் தெரியுமா? கட்டையில கன்னத்தை வெச்சிருக்கிற ஆளோட முகத்துல. உன் பொண்ணு முகத்துல."

லேத்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

"சும்மா தர்றேன்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்தான். உள்ளதையும் உடைச்சுட்டு என்கிட்ட எதையோ விக்கப் பாக்கறீங்க. நீங்க எதுக்கு எனக்கு இதெல்லாம் செய்யணும்? சொல்லுங்க."

டேல் குறடை மேசையில் வைத்தார். கந்தைத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"மோலி கேட்டா" என்றார். "ரெண்டு மாசம் முன்னாடி இங்க வந்தா. ஆகஸ்ட்ல நியூ ஜெர்சிக்குக் காலேஜ் போறேன், எங்கப்பாவுக்கு இந்த ஊர்ல வேற யாரும் இல்ல, சனிக்கிழமையில அவருக்கு ஏதாவது வேலை குடுங்கன்னா. அந்தப் பழைய பிரஸ்ஸை உனக்குக் குடுக்கச் சொன்னதே அவதான்."

மேசையில் நசுங்காமல் நின்ற கூடுகளை எண்ணினேன்.

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன், வேலு" என்றார்.

6

வீட்டுக்கு நடந்து வந்தேன். நேராக அலமாரியைத் திறந்து வேலுக்குப் பின்னால் இருந்த பொட்டலத்தை எடுத்தேன். பிரிக்கக் கூடாதது. பிரித்தேன். பூ வாடி மஞ்சளித்துக் கிடந்தது. செவ்வரளி வாடினால் கறுக்கும். இது வெள்ளரளி.

"சரசு!"

என் குரலைக் கேட்டே அவளுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியோடு வந்து நின்றாள்.

"நாந்தானுங்க. ரெண்டுலயும் வெள்ளையே வெச்சேன்."

"சாமி வாக்குல விளையாடுவியா நீ?"

"அதுக்குத்தான் மூணு செவ்வாயா ஒரு பொழுது இருக்கேன். முருகன்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க ஊடால வராதீங்க."

"அன்னைக்கு நம்ம கல்யாணத்துக்கு..."

"எங்கப்பாவும் ரெண்டுலயும் வெள்ளையேதான் வெச்சிருப்பாரு" என்றாள். "உங்களை மாதிரி ஆளுக்கு வேற எப்படிப் பொண்ணு குடுக்கறது?"

அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டியது. காட்டிக்கொள்ளவில்லை. அதற்குள் தேன்மொழி வந்துவிட்டாள். கையில் அந்தத் தடிமனான கவர். நியூ ஜெர்சியில் மருந்தாளுநர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாமா வீட்டுக்குப் பக்கம். உதவித்தொகைப் படிவத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

"வீட்டிலிருந்து போயிட்டு வர்ற தூரத்துல படின்னு சொன்னேனா இல்லையா? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அந்த டேலுக்குத் தெரிஞ்சிருக்கு. பெத்தவனுக்குத் தெரியலை."

"சொன்னா வேணாம்னுதானே சொல்லியிருப்பீங்க?" வீட்டுக்குள் நின்று அவள் தமிழில் பேசி எத்தனை நாளாயிற்று! "அம்மாகிட்ட நான்தான் சொன்னேன், ரெண்டுலயும் வெள்ளை வைங்கன்னு. எனக்கு ரைஃபிள் வேண்டாம்ப்பா. அதை நீங்க செஞ்சு முடிச்சீங்கன்னா என்னைப் போக விட மாட்டீங்க. உனக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன், இதை விட்டுட்டா போறேன்னு கேப்பீங்க. நீங்க கேட்டா எனக்குப் போக மனசு வராது. தட்ஸ் வை."

"நான் எங்கே அப்படிச் சொன்னேன்?"

"இன்னும் சொல்லலை" என்றாள்.

நான் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு கேரேஜுக்குப் போய் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். புளி ஊற வைத்த அதே வாளி. அவள் சொன்னது அநியாயம் என்று நினைத்தேன். பிறகு, மனசில் போட்டு வைத்திருந்த அந்தத் துப்பாக்கியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வரை அது ஒரு குளிர்கால வேலை. ஆனால் நான் அதற்கு யோசித்து வைத்திருந்தது நாலு வருஷம். இந்தக் குளிர்காலம் குழல், அடுத்தது கட்டை, அதற்கடுத்தது கட்டையில் மயில் செதுக்குவது என்று. அவள் பக்கத்து ஊரான ஆஸ்டினில் படித்து முடிக்கிறவரைக்கும் ஆகிற மாதிரி அதை நானே நீட்டி வைத்திருந்தேன். டேலை, சரசுவை, மச்சானை, லைப்ரரியைக்கூட வேவு பார்த்தவன் இதை அளந்து பார்க்கவில்லை.

சிறிது நேரம் கழித்து சரசு காப்பி கொண்டுவந்தாள். கூடுகளைப் பற்றிச் சொன்னேன்.

"ரெண்டு நாளா?" என்று சிரிப்பில் வாயைப் பொத்திக்கொண்டாள். "விளக்கையே கால் மணி நேரத்துக்கு மேல ஊற விட மாட்டனுங்க. ரெண்டு நாள்! புளி என்ன குறைஞ்ச விலைக்கா கிடைக்குது இங்க?" பிறகு சிரிப்பு நின்று, "புள்ளை மூஞ்சியில வெடிச்சிருக்குமா?" என்றாள்.

"டேல் பார்த்துட்டாரு" என்றேன்.

7

மறுநாள் மீதிக் கூடுகளையும் டேலும் நானும் சேர்ந்து நசுக்கினோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "நீ சந்தேகப்பட்டது நல்லதுதான். இந்த வேலைக்கு அதுதான் வேணும். என் மேல மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்றார். பிரஸ்ஸை இன்னும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அவர் கேரேஜிலேயே இருக்கட்டும். சனிக்கிழமை அங்கே போகிறேன். பழைய துப்பாக்கியே போதும், தோட்டா நிரப்பக் கற்றுக்கொள்வது என்றுதான் முடிவு. அளந்து போடுவதில் எனக்குத் தவறே வருவதில்லை என்கிறார். இருந்தாலும் அவர் நிறுத்த மருந்தை நான் ஒருமுறை நிறுத்துப் பார்க்கிறேன். அவரும் நான் நிறுத்ததை நிறுத்துப் பார்க்கிறார்.

ஆனால் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. வீட்டில் சொல்லிவிட்டேன்: "பொய்யா ஒரு தரம் கேட்டாச்சு. இப்ப நிஜமாக் கேட்போம். இன்னும் மூணு நாள்ல விசாகம். அன்னைக்கு நானே பூக்கட்டி வைக்கிறேன். வெள்ளை வந்தாப் போகட்டும். சிவப்பு வந்தா ஆஸ்டின்ல படிக்கட்டும். எது வந்தாலும் யாரும் பேசக் கூடாது."

சரசுவின் முகம் செத்துப்போயிற்று. தேன்மொழி கவரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விசாகத்தன்று காலையில் குளித்து, கடைத்தெருவில் கார் நிறுத்துகிற இடத்து ஓரம் போய், எல்லார் கண் முன்னாலும் செவ்வரளியும் வெள்ளரளியும் பறித்தேன். காவலாளி ஒருவன் சந்தேகமாகப் பார்த்தான். பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து அலமாரிக்குள் தலையை விட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காமல் மடித்தேன். கற்பூரம் ஏற்றினேன். அவளைக் கூப்பிட்டேன்.

அவள் கை ஒரு பொட்டலத்தின் மேல் போய், திரும்பி மற்றதன் மேல் வந்தது. நூறு கஜத்தில் மூன்று ஓட்டையையும் ஒன்றாகப் போடுகிற கை அது. ஒன்றை எடுத்தாள். நான் பிரித்தேன்.

வெள்ளரளி.

சரசு "முருகா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் அங்கேயே, சாமி முன்னாலேயே, படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பெயரை அவர்கள் வரிசைப்படி, நாச்சிமுத்துவைக் கடைசியில் போட்டு எழுதினேன்.

தேன்மொழி படிவத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு வேலுக்குக் கீழே கிடந்த மற்ற பொட்டலத்தைப் பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றது. சந்தேகப்பால் அவளுக்கும் கொஞ்சம் போயிருக்கிறது.

"அப்பா," என்றாள், தமிழிலேயே, "அதையும் பிரிச்சுப் பாக்கட்டுமா?"

"கூடாது. சாமி சொன்னாச் சொன்னதுதான்" என்று எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு பேர் ஒரு பொழுது இருக்கிறோம். எனக்கு எதற்கு விரதம் என்று சரசு கேட்கவில்லை.